கிராண்ட் சுருங்கிய காலத்தில் பிப்பெட் சர்வீஸ்: பினாங்கிலும் கோலாலம்பூரிலும் யாரிடம் கொடுக்கலாம்?

ஆய்வகத்தில் மைக்ரோலிட்டர் கணக்கில், அதாவது மில்லிலிட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில், திரவத்தை எடுத்து ஊற்றும் கைக்கருவி மைக்ரோபிப்பெட். அதைச் சர்வீசுக்கும் காலிபிரேஷன் என்ற அளவுச் சரிபார்ப்புக்கும் கொடுக்க மலேசியாவில் மூன்று வழிகள் உண்டு. ஒன்று, தயாரிப்பாளரின் உள்ளூர் ஏஜெண்ட். இரண்டு, எஸ்ஏஎம்எம் என்ற மலேசிய ஆய்வக அங்கீகாரத் திட்டத்தில் அங்கீகாரம் பெற்ற தனிக் காலிபிரேஷன் ஆய்வகம். மூன்று, சான்றிதழ் எதுவும் தராமல் பழுதை மட்டும் நீக்கித் தரும் டெக்னீஷியன். மூன்றையும் ஒரே அளவுகோலில் வைத்து எழுதியது இது. கம்பெனிப் பெயர்களைப் போடவில்லை. ஒரே கம்பெனியிலேயே இரண்டு விலைக்கு இரண்டு தரத்தில் வேலை நடக்கிறது. செபுட் ஹர்காவில், அதாவது விலை கேட்டு அனுப்பும் கடிதத்தில், எதை எழுதிக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் எது நம் கைக்கு வரும் என்பது இருக்கிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். 20, 100, 200, 1000 மைக்ரோலிட்டர் ஒற்றை முனைப் பிப்பெட்டுகளுக்கு அங்கீகாரம் பெற்ற தனி ஆய்வகம் போதும். 2, 10 மைக்ரோலிட்டர் பிப்பெட்டுகளை ஏஜெண்டிடமே கொடுங்கள். மாணவர் பயிற்சிக்கூடத்துப் பிப்பெட்டுகளுக்கு டெக்னீஷியன் போதும். திரும்பி வந்ததும் உங்கள் தராசில் ஒருமுறை எடை பார்த்துவிட வேண்டும். புதிது வாங்குவது கடைசி வழி. பேர் பெற்ற பிராண்டில் ஒன்றின் விலை ஆயிரம் ரிங்கிட்டைத் தாண்டும்போது, சில ரிங்கிட் மதிப்புள்ள ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் தேய்ந்ததற்காகக் குப்பையில் போடுவது நியாயமில்லை.

இதை இப்போது எழுதக் காரணம் பணம்தான். 2016-இல் 20 அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு 757 கோடி ரிங்கிட் ஒதுக்கியிருந்தார்கள். 2017-இல் அது 612 கோடி. ஒரே ஆண்டில் 19 விழுக்காட்டு வெட்டு. ஆராய்ச்சிக்கும் மேம்பாட்டுக்கும் நாடு செலவிட்டது, தனியார் துறையையும் சேர்த்து, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2016-இல் 1.44 விழுக்காடு, 2018-இல் 1.04, 2020-இல் 0.95. 2030-க்குள் 3.5 விழுக்காட்டை எட்டுவோம் என்று இலக்கு வைத்துக்கொண்டு பின்னோக்கி நடந்திருக்கிறோம். இதற்கிடையில் வீட்டைப் பிரித்துக் கட்டும் வேலையும் நடந்தது. 2018-இல் அறிவியல் அமைச்சை எரிசக்தி, சுற்றுச்சூழல், பருவநிலை மாற்றம் ஆகியவற்றோடு சேர்த்து ஒரே அமைச்சாக்கினார்கள். 2020-இல் மறுபடியும் பிரித்தார்கள். 2019-இல் விண்வெளி நிறுவனமான அங்காசாவும் தொலையுணர்வு நிறுவனமும் ஒன்றாகி மைசா என்ற ஒரே விண்வெளி நிறுவனம் ஆயின. பினாங்கில் இருக்கும் மருந்து ஆராய்ச்சி நிறுவனமான ஐஃபார்ம், ஜீனோம், வேளாண் உயிரித் தொழில்நுட்ப நிறுவனங்களோடு ஒரே குடையின் கீழ் போனது. ஒருங்கிணைப்பதில் நன்மை இல்லாமல் இல்லை. ஆனால் பெயர்ப்பலகை மாறும் ஒவ்வொரு முறையும் யார் கையெழுத்திட வேண்டும், எந்தக் கணக்கில் கழிக்க வேண்டும் என்பது தெளிவாகும்வரை எல்ஓ என்ற சின்னச் சின்னக் கொள்முதல் ஆணைகள்தான் மேசையில் காத்துக் கிடக்கும். பிப்பெட் சர்வீஸ் அப்படிப்பட்ட சின்ன எல்ஓ.

ரிங்கிட்டும் சேர்ந்து அடித்தது. 2014 நடுப்பகுதியில் ஒரு டாலர் ஏறக்குறைய 3.20 ரிங்கிட். 2024 பிப்ரவரியில் 4.80 வரை போனது. கிராண்ட் என்ற ஆராய்ச்சி நிதி ரிங்கிட்டில் வருகிறது, என்சைமும் பிப்பெட் முனையில் மாட்டும் டிப்பும் டாலரிலும் யூரோவிலும் விலை போடப்பட்டு வருகின்றன. அதே தொகைக்கு மூன்று பெட்டி வந்த இடத்தில் இரண்டு பெட்டிதான் வந்தது.

கிராண்ட் விண்ணப்பத்தில் இந்தச் சேவை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தால், ஏன் இது முதலில் அடிபடுகிறது என்பது விளங்கும். செலவுத் தலைப்பு ஒவ்வொன்றுக்கும் வோட் என்று ஓர் எண் உண்டு. வோட் 11000 சம்பளம். 21000 பயணம். 24000 வாடகை. 27000 ஆய்வுப் பொருட்கள். 28000 பராமரிப்பும் சிறு பழுதும். 29000 தொழில்முறைச் சேவை. 35000 கருவிகள். கேட்டது முழுதாக வராதபோது ஆராய்ச்சி உதவியாளரின் சம்பளத்தில் கை வைக்க மனம் வராது, ரீஏஜெண்ட் இல்லாமல் வேலையே ஓடாது. 28000 என்ற வரிதான் மெலியும். பிப்பெட்டும் அதற்கு ஒத்துழைக்கிறது. மைனஸ் 80 உறைபெட்டி நின்றால் அலாரம் அடிக்கும், பிசிஆர் இயந்திரம் திரையில் பிழை எண் காட்டும். பிப்பெட் மட்டும் 200-க்குப் பதிலாக 194 ஊற்றிக்கொண்டு வழக்கம்போல் 'டிக்' என்று சத்தம் போடும்.

அந்த ஆறு மைக்ரோலிட்டர், அதாவது 3 விழுக்காட்டுக் குறைவு, என்ன செய்யும் என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். பத்துப் பத்தாக நீர்க்கச் செய்யும் வரிசை ஒன்று: 20 மைக்ரோலிட்டர் மாதிரி, 180 மைக்ரோலிட்டர் பஃபர் கரைசல், ஆறு படிகள். 20 எடுக்கும் பிப்பெட் 3 விழுக்காடு குறைவாக, 19.4 எடுக்கிறது, பஃபர் சரியாக இருக்கிறது. ஒவ்வொரு படியிலும் பிழை பெருகி ஆறாவது குழாயில் இருக்க வேண்டியதைவிட 15 விழுக்காடு குறைவாக இருக்கும். வரைபடத்தில் கோடு நேராகத்தான் விழும், ஆர் ஸ்கொயர் 0.99 வரும், யாருக்கும் சந்தேகம் வராது. பக்கத்து ஆய்வகம் செய்து பார்க்கும்போது ஒத்துவராது. அப்போது வீணாவது 28000-இல் மிச்சம் பிடித்த தொகையல்ல, 27000 முழுவதும்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நோயல்ல. அமெரிக்காவில் 2025 பிப்ரவரி 7-ஆம் தேதி தேசிய சுகாதார நிறுவனமான என்ஐஎச், கிராண்டோடு சேர்த்துக் கொடுக்கும் மறைமுகச் செலவை 15 விழுக்காட்டுக்குள் அடக்கப்போவதாக அறிவித்தது. நீதிமன்றம் குறுக்கிட்டுத் தடுத்தது. மறைமுகச் செலவு என்ற சொல்லைக் கேட்டால் அலுவலகச் செலவு போலத் தோன்றும். அதில் அடங்குவது மின்சாரம், கழிவு அகற்றல், விலங்குக் கூடம், பொதுக் கருவிகளின் பராமரிப்பு. நாம் 28000 என்று எழுதுவதன் பெரிய அண்ணன் அது. மே 1-ஆம் தேதி, வெளிநாட்டுப் பங்காளிகளுக்குத் துணைக் கிராண்ட் கொடுப்பதையும் புதிய முறை வரும்வரை என்ஐஎச் நிறுத்தியது. அங்கே ஒரு குழாயை மூடினால் இங்கே ஓர் ஆய்வகத்தின் வாளி காலியாகும் அளவுக்கு இந்த வேலை பின்னிக் கிடக்கிறது. 1999-இல், பன்றிப் பண்ணைகளில் பரவிய நிப்பா வைரஸை மலாயாப் பல்கலைக்கழகம் நோயாளியின் மாதிரியிலிருந்து பிரித்தெடுத்தது. அது புதிய வைரஸ் என்று உறுதியானது அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியின் ஆய்வகத்தில். இரண்டு நாட்டு அரசுப் பணமும் சேர்ந்துதான் அந்தப் பன்றிப் பண்ணைகளில் நடந்த சாவை நிறுத்தியது.

அரசு ஆய்வகத்தால் நமக்கு என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு இன்னொன்று. 1900-இல் கோலாலம்பூரில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தொடங்கிய காலத்தில் பெரிபெரி நோய் மலாயாவில் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றுகொண்டிருந்தது. வில்லியம் ஃபிளெட்சர் கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில் ஒரு பகுதியினருக்குத் தீட்டிய சயாம் அரிசியும், மற்றவர்களுக்கு இந்தியாவிலிருந்து வந்த புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்து 1907-இல் முடிவை வெளியிட்டார். தீட்டிய அரிசி தின்றவர்கள் பக்கம்தான் நோய் விழுந்தது. தோட்டப்புறத்தில் நம் முன்னோர் பழக்கத்தால் தின்ற புழுங்கல் அரிசி அவர்களைக் காத்திருக்கிறது. தீட்டும்போது போய்விடும் தவிட்டில்தான் விஷயம் இருக்கிறது என்பதை 1909-க்குப் பிறகு அந்தக் கழகத்தில் ஃபிரேசரும் ஸ்டாண்டனும் தொடர்ந்து நிறுவினார்கள். சோற்றின் அளவையும் ஆள் எண்ணிக்கையையும் சரியாகக் குறித்து வைத்ததால்தான் அந்தப் பதில் கிடைத்தது.

இனி சேவைகளுக்கு வருவோம்.

ஏஜெண்டின் பலம் அசல் பாகங்கள். பிஸ்டன், சீல், ஸ்பிரிங் எல்லாம் கையிருப்பில் இருக்கும் அல்லது வரவழைத்துத் தருவார்கள். பழுதான பாகத்தை மாற்றிய பிறகு அந்த மாடலுக்கே உரிய கருவியால் அளவை மறுபடி அமைப்பார்கள். பலவீனம், தங்கள் பிராண்டை மட்டுமே தொடுவது. கலந்து வாங்கி வைத்திருக்கும் ஆய்வகம் மூன்று ஏஜெண்டுக்கு மூன்று எல்ஓ போட வேண்டியிருக்கும். சர்வீஸ் மையம் பெரும்பாலும் கிள்ளான் பள்ளத்தாக்கில் இருப்பதால் பினாங்கிலிருந்து கூரியரில் போய்வர வேண்டும். பாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டுமென்றால் வாரக் கணக்கில் காத்திருக்க நேரிடும். இரண்டு செட் வைத்திருக்கும் ஆய்வகத்துக்கு இது பரவாயில்லை, ஒரே செட் உள்ள இடத்துக்கு வேலை நின்றுபோகும்.

தனிக் காலிபிரேஷன் ஆய்வகங்களைப் பொறுத்தவரை பினாங்கு கொடுத்துவைத்த ஊர். 1972-இல் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை வந்ததிலிருந்து அங்குள்ள தொழிற்சாலைகளுக்குக் காலிபிரேஷன் அன்றாடத் தேவை. ஆனால் இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். வாசலில் எஸ்ஏஎம்எம் சின்னம் இருப்பதால் பிப்பெட்டுக்கும் அங்கீகாரம் இருக்கிறது என்று பொருளில்லை. அங்கீகாரம் ஆய்வகத்துக்கு மொத்தமாகக் கொடுக்கப்படுவதில்லை. டார்க் என்ற முறுக்கு விசை, அழுத்தம், வெப்பநிலை, எடை, கன அளவு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. மின்னணுத் தொழிற்சாலைக்கு வேலை செய்யும் ஆய்வகத்திடம் மல்டிமீட்டருக்கு அங்கீகாரம் இருக்கும், பிப்பெட்டுக்கு இல்லாமல் போகலாம். அங்கீகார எண்ணைக் கேட்டு வாங்குங்கள். மலேசியத் தரநிலைத் துறையின் இணையப் பட்டியலில் அந்த எண்ணைப் போட்டு, ஸ்கோப்பில், அதாவது அங்கீகாரம் எவற்றுக்கு என்ற பட்டியலில், பிஸ்டன் பிப்பெட் இருக்கிறதா, எந்த அளவிலிருந்து எந்த அளவு வரை என்று பாருங்கள். 100 முதல் 1000 வரை மட்டும் ஸ்கோப்பில் உள்ள ஆய்வகம் உங்கள் 10 மைக்ரோலிட்டர் பிப்பெட்டுக்கும் தாள் கொடுக்கும். அந்தத் தாளில் சின்னம் இருக்காது. தணிக்கைக்காரர் வரும்போதுதான் அது தெரியவரும்.

செபுட் ஹர்காவில் கேட்க வேண்டியவை இவை. பிப்பெட்டுக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 8655-இன் ஆறாம் பகுதிப்படி முழுச் சோதனையா, அல்லது சுருக்கச் சோதனையா? முழுச் சோதனை என்றால் பெயரளவின் 100, 50, 10 விழுக்காட்டில் தலா பத்து முறை, மொத்தம் 30 எடைகள். எட்டு முனைப் பிப்பெட்டுக்கு ஒவ்வொரு முனைக்கும் அதே 30, ஆக 240 எடைகள். எட்டு முனைப் பிப்பெட்டுக்கு ஒற்றை முனையின் விலையையே யாராவது போட்டிருந்தால் எத்தனை எடை எடுப்பார்கள் என்று கேளுங்கள், பதிலில் விஷயம் வெளிவந்துவிடும். அடுத்து, வந்த நிலை, போகும் நிலை இரண்டுக்கும் எண் தருவார்களா? சுத்தம் செய்து சரிப்படுத்திய பிறகு எடுத்த எண்ணை மட்டும் தருபவர்கள் அதிகம். அது போதாது. கடந்த ஓராண்டு நீங்கள் எடுத்த தரவு நம்பத்தக்கதா என்பதைச் சொல்லக்கூடியது வந்த நிலையின் எண் ஒன்றுதான். ஆராய்ச்சி ஆய்வகத்துக்கு அந்த எண்ணே உயிர், அதற்குத் தனிக் கட்டணம் கேட்டாலும் கொடுக்கலாம்.

வரியையும் பாருங்கள். 2024 மார்ச் 1 முதல் பழுது, பராமரிப்புச் சேவைக்கு 8 விழுக்காடு சேவை வரி உண்டு. பதிவு பெறாத சிறு டெக்னீஷியனிடம் அது இருக்காது. இரண்டு விலைகளை ஒப்பிடும்போது வரி சேர்ந்ததா சேராததா என்று பார்க்காமல் பல்கலைக்கழக நிதிப் பிரிவான பெண்டஹாரிக்கு அனுப்பினால் எல்ஓ தொகை இடித்துத் திரும்பி வரும்.

மூன்றாவது வகை டெக்னீஷியன்களைப் பற்றிக் குறைத்துப் பேச மாட்டேன். கை நேர்த்தி உள்ளவர்கள் இருக்கிறார்கள். காலையில் வந்து மேசையிலேயே பத்துப் பிப்பெட்டைப் பிரித்து மாலைக்குள் முடித்துக் கொடுப்பார்கள். ஆனால் அவர்கள் போடும் சீல் அசலா என்று கேளுங்கள். அளவு ஒத்துப்போகும் சாதாரண ரப்பர் ஓ-ரிங் இரண்டு மாதத்துக்கு நன்றாக வேலை செய்யும், பிறகு இறுகி ஒழுகத் தொடங்கும். சிலிக்கோன் கிரீஸ் விஷயத்திலும் கவனம் வேண்டும். சில பிராண்டுக்கு மெல்லிய பூச்சு அவசியம், சிலதுக்குப் பூசவே கூடாது. எல்லாவற்றுக்கும் ஒரே டப்பாவிலிருந்து எடுத்துப் பூசுபவரிடம் கொடுக்காதீர்கள்.

இந்தச் சேவையில் உண்மையில் என்ன நடக்கிறது என்பது ஒரு 200 மைக்ரோலிட்டர் பிப்பெட்டைத் திறந்து பார்த்தால் தெரியும். டிப் தள்ளியைக் கழற்றி, இணைப்பு நட்டைத் திருகினால் கீழ்த்தண்டு தனியாக வரும். உள்ளே பென்சில் முனையைவிடச் சற்றுப் பருத்த எஃகுப் பிஸ்டன், அதைச் சுற்றி ஸ்பிரிங், அடியில் வெள்ளைச் சீலும் கறுப்பு ஓ-ரிங்கும். நல்ல பிஸ்டன் கண்ணாடி போல் வழுவழுப்பாக இருக்கும். விரல் நகத்தை மேலிருந்து கீழே மெதுவாக ஓட்டிப் பாருங்கள். எங்காவது தட்டினால் அங்கே குழி விழுந்திருக்கிறது. வெளிச்சத்தில் சாய்த்தால் அந்த இடத்தில் பழுப்பு நிறத்தில் மெல்லிய வளையம் தெரியும். அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை எடுத்துவிட்டு அப்படியே தாங்கியில் மாட்டியதன் தழும்பு அது: டிப்புக்குள் ஆவி ஏறி, பிஸ்டன் நிற்கும் இடத்தில் எஃகை அரித்திருக்கிறது. அந்தக் குழி ஒவ்வொரு முறை மேலும் கீழும் போகும்போது புதிய ஓ-ரிங்கையும் சீவும். ஆகையால் பிஸ்டனைப் பார்க்காமல் ஓ-ரிங்கை மட்டும் மாற்றுவது மூன்று மாதத்துக்கான மருந்து. குளோரோஃபார்ம், ஃபீனால் எடுத்த பிப்பெட்டில் கதை வேறு. பிஸ்டன் பளபளவென்று இருக்கும், ஓ-ரிங் மட்டும் ஊறிப் பருத்து, பொத்தானை விட்டால் மெதுவாகத் தயங்கித் தயங்கி மேலே வரும்.

20 மைக்ரோலிட்டர் முதல் இதை நீங்களே திறந்து துடைக்கலாம். 2, 10 மைக்ரோலிட்டர் பிப்பெட்டைத் திறக்காதீர்கள். பிஸ்டன் கம்பி அவ்வளவு மெல்லியது; மறுபடி செருகும்போது கண்ணுக்குத் தெரியாத வளைவு விழுந்தால் அதற்குப் பிறகு எந்தச் சரிப்படுத்தலும் நிற்காது. அதனால்தான் இவற்றுக்கு ஏஜெண்ட் என்றேன்.

அனுப்புவதற்கு முன்பும் திரும்பி வந்த பிறகும் செய்ய வேண்டிய இரண்டு சோதனைகள் உண்டு. முதலாவது ஒழுக்குச் சோதனை. முழு அளவு தண்ணீர் எடுத்து, செங்குத்தாகப் பிடித்து, 20 விநாடி எண்ணுங்கள். முனையில் துளி திரளவே கூடாது. திரண்டால் புதிய டிப் மாட்டி மறுபடி பாருங்கள். பல சந்தர்ப்பங்களில் குற்றவாளி டிப்தான். செலவைக் குறைக்க வாங்கிய மலிவு டிப் கூம்பில் சரியாக அமராது. அந்த டிப் பையை மாற்றினாலே சரியாகிவிடும் பிப்பெட்டைச் சர்வீசுக்கு அனுப்பிப் பணம் கொடுக்க வேண்டாம்.

இரண்டாவது எடைச் சோதனை. நான்கு தசமத் தராசு இருந்தால் 200-க்கும் 1000-க்கும் போதும். 20-க்குப் போதாது: அதற்கு ஐஎஸ்ஓ அனுமதிக்கும் பிழையே ±0.2 மைக்ரோலிட்டர், அதாவது 0.2 மில்லிகிராம், 0.1 மில்லிகிராமுக்குக் கீழே காட்டாத தராசு அதைப் பிரித்துச் சொல்லாது. காய்ச்சி வடித்த தண்ணீர், பிப்பெட், டிப், மூடியுள்ள சிறு குப்பி எல்லாவற்றையும் தராசு இருக்கும் அறையில் இரண்டு மணி நேரமாவது வைத்திருங்கள். மின்கட்டணத்தைக் குறைக்க இரவில் ஏர்கானை அணைக்கும் கட்டடங்களில் இதை மறந்துவிடுகிறார்கள். காலை எட்டரைக்கு அறை குளிர்ந்திருக்கும், தண்ணீரும் மேசையும் குளிர்ந்திருக்காது. பிப்பெட்டுக்குள் இருக்கும் காற்று நீங்கள் எடை எடுக்கும்போதே சுருங்கிக்கொண்டிருக்கும். அன்றைய முதல் நான்கு எண்களும் கடைசி நான்கு எண்களும் ஒரே திசையில் நகர்ந்திருந்தால் குறை பிப்பெட்டில் இல்லை, அறையில் இருக்கிறது.

குப்பியின் அடியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு மூடி, தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். புதிய டிப்பை மாட்டி ஐந்து முறை உறிஞ்சி வெளியேற்றுங்கள். டிப்பின் உட்காற்று ஈரமாக வேண்டும். பிறகு முனையை நீரில் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் ஆழ்த்தாமல், செங்குத்தாக, மெதுவாக எடுத்து, ஒரு விநாடி நிறுத்தி, குப்பியின் சுவரில் தொட்டு விடுங்கள். பத்து முறை. சராசரி எடையை மில்லிகிராமில் எடுத்துத் திருத்தக் காரணியால் பெருக்குங்கள்: தண்ணீர் 25 டிகிரி செல்சியஸ் என்றால் 1.0040, 27 டிகிரி என்றால் 1.0045. இதை விட்டுவிடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. பத்து எடையின் சராசரி 197.9 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியே எடுத்தால் 2.1 குறைவு, 200 மைக்ரோலிட்டர் பிப்பெட்டுக்கு வரம்பு ±1.6 என்பதால் தோல்வி. 27 டிகிரிக்கு உரிய 1.0045-ஆல் பெருக்கினால் 198.8, குறைவு 1.2 மட்டுமே, தேர்ச்சி. நன்றாக இருக்கும் பிப்பெட்டைத் திருகிக் கெடுப்பது பெரும்பாலும் இந்தப் பெருக்கலைச் செய்யாதவர்கள்தான். பத்து எடைகளுக்குள் சிதறலும் முக்கியம்: 200-க்குத் தர விலக்கம் 0.6 மைக்ரோலிட்டரைத் தாண்டக் கூடாது. சராசரி தள்ளியிருந்து சிதறல் குறைவாக இருந்தால் அளவமைப்பு நகர்ந்திருக்கிறது, சரிப்படுத்தினால் போதும். சிதறல் அதிகமென்றால் சீல் போய்விட்டது அல்லது எடுப்பவரின் கை நிதானமில்லை. இன்னொருவரைப் பத்து முறை எடுக்கச் சொன்னால் எது என்று தெரிந்துவிடும்.

திரும்பி வந்த சான்றிதழில் அறை வெப்பநிலை, ஈரப்பதம், தராசின் அடையாள எண், அளவீடு எவ்வளவு முன்பின் இருக்கலாம் என்று காட்டும் நிச்சயமின்மை எல்லாம் இருக்கின்றனவா பாருங்கள். தராசை எதைக் கொண்டு சரிபார்த்தார்கள், அதை எதைக் கொண்டு என்று போகும் தொடர்புச் சங்கிலி செப்பாங்கில் இருக்கும் தேசிய அளவியல் கழகத்திலோ அதற்கு நிகரான வேறொன்றிலோ போய் முடிய வேண்டும். நிச்சயமின்மை வரம்பைவிடப் பெரிதாக இருந்தால் 'தேர்ச்சி' என்ற முத்திரைக்கு அர்த்தமில்லை. கன அளவைக் கணக்கிட அடிப்படையாக எடுத்த வெப்பநிலை 20 டிகிரி என்று போட்டிருந்தாலும் 27 என்று போட்டிருந்தாலும் தவறில்லை, ஐஎஸ்ஓ வெப்ப நாடுகளுக்கு 27-ஐ அனுமதிக்கிறது. ஆனால் போன ஆண்டு ஒன்று, இந்த ஆண்டு மற்றொன்று என்று மாறினால் இரண்டு எண்களையும் நேராக ஒப்பிடாதீர்கள்.

அனுப்பும்போது டிப்பைக் கழற்றி, 70 விழுக்காட்டு ஐசோபுரொபனாலில் வெளிப்பக்கத்தைத் துடைத்து, ஒவ்வொன்றையும் தனியாகச் சுற்றுங்கள். கிருமி நீக்கப் படிவம் இல்லாத பெட்டியை நல்ல ஆய்வகம் திறக்காது. திறக்கும் ஆய்வகத்தைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். ஒவ்வொரு பிப்பெட்டின் வரிசை எண்ணையும், அது எதற்குப் பயன்பட்டது என்பதையும் ஒரு தாளில் எழுதி உள்ளே வையுங்கள்: அமிலமா, ரத்தமா, கரைப்பானா. டெக்னீஷியனுக்கு எங்கே பார்க்க வேண்டும் என்று அது சொல்லும்.

காலமும் முக்கியம். அக்டோபர், நவம்பரில் ஆண்டுக் கணக்கு மூடும் அவசரத்தில் எல்லாரும் ஒன்றாக அனுப்புவார்கள். பிப்ரவரி முதல் மே வரை அனுப்பினால் சீக்கிரம் வரும், ஏதாவது தேர்ச்சி பெறாவிட்டால் பாகத்துக்கு எல்ஓ போட ஆண்டு முடியாமல் இருக்கும்.

ஒரே தளத்தில் நான்கைந்து ஆய்வகங்கள் இருந்தால் பிப்பெட்டுகளைச் சேர்த்து ஒரே செபுட் ஹர்கா கேளுங்கள். எண்ணிக்கை கூடும்போது நேரில் வந்து செய்துதரச் சம்மதிப்பார்கள். கூரியர் செலவும் காத்திருப்பும் மிச்சமாகும். ஆனால் நேரில் வரும் சேவையில் தராசும் அவர்களுடையதுதானா, அது கொண்டுவந்த பிறகு மேசையில் சரிபார்க்கப்படுகிறதா, நேரிடப் பணியும் அவர்களது ஸ்கோப்பில் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். அறையின் ஏர்கானை முந்தைய நாளிரவே போட்டு வைக்கப் பராமரிப்புப் பிரிவிடம் கடிதம் கொடுப்பதும் உங்கள் வேலை. யாருடைய வோட் 28000-இல் எவ்வளவு கழிப்பது என்பதை வரிசை எண்வாரியாகப் பிரித்து எழுதி, எல்ஓ போடுவதற்கு முன்பே எல்லா மேற்பார்வையாளர்களிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.